பந்து எங்கே? – '800' திரைப்படமும் விளையாட்டுக் கதையின் இலக்கணமும்

2002 ஜனவரி 4. கண்டி அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வேக்கு எதிரான டெஸ்ட் போட்டியின் முதல் நாள் முடிந்தபோது, முத்தையா முரளிதரன் 9 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளும் ஒரே பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது அன்றுவரை டெஸ்ட் வரலாற்றில் இரண்டே தடவை நிகழ்ந்தது: 1956இல் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர், 1999இல் இந்தியாவின் அனில் கும்ப்ளே. மறுநாள் காலை முரளியின் பந்தில் கிடைத்த பிடியொன்று அருகில் நின்ற ரசல் ஆர்னல்டின் கையிலிருந்து நழுவியது. அடுத்து மறுமுனையிலிருந்து சமிந்த வாஸ் வீச வேண்டும். தன் தோழருக்குரிய பத்தாவது விக்கெட்டைத் தான் எடுத்துவிடக் கூடாது என்ற சங்கடத்தோடுதான் அவர் வீசினார். ஹென்றி ஒலொங்காவின் துடுப்பில் உரசிய பந்து விக்கெட் காப்பாளர் குமார் சங்கக்காரவின் கைக்குப் போனது. வழக்கமாக வானைப் பிளக்கும் முறையீட்டை இலங்கை வீரர்கள் தொண்டைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார்கள். ஆனாலும் ஆட்டமிழப்பு ஆட்டமிழப்புத்தான். முரளியின் கணக்கு 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் என்று நின்றுபோனது.

இந்தக் காட்சியில் தாயின் கண்ணீர் இல்லை, தந்தையின் பெருமூச்சு இல்லை. ஆனாலும் ஒரு நாடகத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன: அவா, நட்பு, தியாகம், நழுவிய வாய்ப்பு, ஒருவரும் விரும்பாத வெற்றி. எல்லாம் ஆட்டத்தின் விதிக்குள்ளேயே பிறக்கின்றன. விளையாட்டைப் பற்றிய நல்ல கதை இப்படிப்பட்ட தருணங்களிலிருந்துதான் உருவாக முடியும். ஆட்டத்தைத் திரைச்சீலைபோல் பின்னால் தொங்கவிட்டு, குடும்ப நாடகத்தை முன்னால் நிறுத்தும் படைப்பு இரண்டையுமே இழந்துவிடுகிறது. முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்ல வந்த '800' திரைப்படத்துக்கு நேர்ந்தது இதுவே. அந்த இழப்பு ஒரு படத்தோடு நிற்கவில்லை, முரளி பிறந்த மலையகத்தின் வரலாறு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதோடும் அது தொடர்புடையது.

சாட்சியமாக மாறிய படம்

எம். எஸ். ஸ்ரீபதி இயக்கிய '800', 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி வெளியானது. முரளிதரனாக மதுர் மிட்டலும் அவரது மனைவி மதிமலராக மஹிமா நம்பியாரும் நடித்தனர். படம் தொடங்கும் முன்பே அதைச் சுற்றிப் பெரும் சர்ச்சை எழுந்துவிட்டது. 2020 ஒக்டோபரில் முரளியாக நடிக்கவிருந்தவர் விஜய் சேதுபதி. இலங்கைப் போரின் முடிவைப் பற்றி முரளி சொன்னவற்றையும், 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவுக்கு அவர் தந்த ஆதரவையும் சுட்டிக்காட்டி, தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தன் பொருட்டு ஒரு கலைஞர் பாதிக்கப்படக் கூடாது என்று முரளியே கேட்டுக்கொள்ள, விஜய் சேதுபதி விலகினார்.

அப்போது முரளி வெளியிட்ட அறிக்கை தன் குடும்பம் பட்ட துன்பங்களைப் பேசியது. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த பாட்டன், சிறு வயதில் கண்ட வன்முறை, வெட்டுக்காயம்பட்ட தந்தை எல்லாம் அதில் இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த படமும் அந்த அறிக்கையின் நீட்சிபோலவே அமைந்தது. 'இவர் யார் பக்கம்?' என்ற கேள்விக்கு விடை சொல்வதே அதன் முதன்மை வேலையாகிவிட்டது. பிள்ளைப் பருவம், விடுதி வாழ்க்கை, பாட்டி, பெற்றோர், மனைவி, நாட்டின் கொந்தளிப்பு என்று காட்சிகள் அடுக்கப்படுகின்றன. பந்தை வீசாமல் எறிகிறார் என்று முரளிமீது எழுந்த, கிரிக்கெட்டின் மிகப் பெரிய தகராறான பந்துவீச்சுச் சர்ச்சைகூட, ஒரு நல்ல மனிதனுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவில்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. அந்தக் கை உண்மையில் என்ன செய்தது என்ற கேள்வி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. திரையரங்கை விட்டு வெளியே வரும் ஒருவருக்கு முரளி பொறுமைசாலி, பாசக்காரர், பழிவாங்காதவர் என்பது தெரியும். எப்படி 800 விக்கெட் எடுத்தார் என்பது தெரியாது.

அனிமே கற்றுத்தரும் பாடம்

இந்தச் சிக்கல் தமிழ்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டுக் கதைகளைத் தனி வகையாகவே வளர்த்தெடுத்த ஜப்பானிய அனிமே உலகம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்துவிட்டது. இக்கி கஜிவரா எழுத, நொபொரு கவாசாகி வரைந்த 'கியோஜின் நோ ஹோஷி' 1966இல் சித்திரத் தொடராகத் தொடங்கி, 1968இல் தொலைக்காட்சிக்கு வந்தது. பேஸ்போல் கனவு சிதைந்த ஒரு தந்தை, தன் மகன் ஹியூமாவைக் கொடுமையான பயிற்சிகளால் வார்த்தெடுக்கும் கதை அது. சகோதரி மரத்தின் பின்னால் நின்று கண்கலங்கிப் பார்ப்பாள். குடும்ப நாடகம் என்றால் இதைவிட அழுத்தமான ஒன்றைக் காண்பது அரிது. ஆனால் அதே தொடர் ஒரு பந்து கையை விட்டுப் போய் மட்டையைச் சேரும் நொடியை நீட்டி நீட்டி ஆராய்ந்தது. ஹியூமா ஒவ்வொரு புதிய பந்தைக் கண்டுபிடிப்பதும், எதிராளி அதன் மர்மத்தை அவிழ்ப்பதுமே கதையை நகர்த்தின. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான மோதல் அந்தப் பந்துக்குள்தான் இருந்தது.

அந்தக் கதையை மும்பைக்கும் கிரிக்கெட்டுக்கும் மாற்றி, 2012 டிசம்பரில் இந்தியாவின் கலர்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய தொடர் 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்'. மூலத்தில் சிறுவனின் உடம்பில் மாட்டப்பட்ட சுருள்வில் கவசம் இங்கே சைக்கிள் டியூப்பானது. தந்தையின் கண்டிப்பும் சகோதரியின் கண்ணீரும் கடல் கடந்து வந்தன. பந்தைப் பற்றிய அந்தப் பித்து வந்து சேரவில்லை. கிரிக்கெட்டுக்கு உயிர் கொடுக்கும் சுழற்சியும் ஆடுதளமும் களவியூகமும் கதையை நகர்த்தும் சக்திகளாக மாறாததால், வீட்டுக்குள் நடந்தவையும் பழகிப்போன தொலைக்காட்சி நாடகமாகவே தோன்றின. கிரிக்கெட்டுக்கென்றே ஓர் அனிமே என்று ஆவலோடு உட்கார்ந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

இதற்கு நேர் எதிரான வெற்றியும் அனிமேயிலேயே உண்டு. தகேஹிகோ இனோவே தன் புகழ்பெற்ற கூடைப்பந்துச் சித்திரக்கதையின் இறுதிப் போட்டியை 2022 டிசம்பரில் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' என்ற படமாக எடுத்தார். மூலக்கதையின் நாயகனை ஒதுக்கிவிட்டு, ஒகினாவாவிலிருந்து வந்த குள்ளமான வீரன் மியாகி ரியோத்தாவை மையத்துக்குக் கொண்டுவந்தார். ரியோத்தாவின் அண்ணன் கடலில் மாண்டவன், தாய் அந்தத் துக்கத்திலேயே உறைந்து போனவள். ஆகவே குடும்பச் சோகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் படம் முழுவதும் ஒரே ஒரு போட்டி. எதிரணி இரண்டு பேராக வந்து வழிமறிக்க, அந்தச் சிறிய உடல் பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டு இடைவெளியில் நுழைந்து வெளியேறும் கணத்தில், அண்ணனிடம் அவன் கற்ற ஆட்டமும், அவன் இழப்பும், அவன் தாயின் மௌனமும் ஒன்றாகக் கூடுகின்றன. கடைசி நொடிகளில் ஓசை முற்றாக அடங்கிவிடுகிறது. அழச் சொல்லி இசை நம்மைத் தூண்டாமலே நாம் அழுகிறோம்.

தமிழிலும் இதைச் சாதித்த படம் இருக்கிறது. தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து' 2024 செப்டெம்பரில் வந்தது. கதையின் எலும்புக்கூடு மாமனார் மருமகன் சண்டைதான். ஆனால் அந்தச் சண்டை ஊர் மைதானத்தில், ஒருவர் துடுப்பாட்டத்தின் பலவீனத்தை மற்றவர் கண்டுபிடித்து வைத்திருப்பதில் முளைக்கிறது. மாமனார் கெத்துவின் அகங்காரம் அவர் அடிக்கும் அடியில் தெரிகிறது. மருமகன் அன்புவின் காயம் அவனை அணியில் சேர்க்காத சாதியில் இருக்கிறது. ஆட்டத்தை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பக் கதை நிற்காது. நல்ல விளையாட்டுக் கதைக்கு இதைவிடத் தெளிவான உரைகல் இல்லை. '800' படத்திலிருந்து பந்துவீச்சின் நுட்பத்தை எடுத்துவிட்டாலோ, படம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

ஒரு முழங்கையின் வரலாறு

முரளியின் கதையில் குடும்பமும் ஆட்டமும் தனித்தனியானவை அல்ல என்பதுதான் வேதனை. இரண்டும் ஒரே மூட்டில் சந்திக்கின்றன. அவரது வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. பிறப்பு தந்த உடல், உழைப்பு தந்த கலை, உலகம் வைத்த குற்றச்சாட்டு மூன்றுக்கும் அந்த முழங்கையே இடம்.

1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தவர் முரளி. சின்னசாமி முத்தையாவுக்கும் லட்சுமிக்கும் நான்கு மகன்களில் மூத்தவர். தந்தை பிஸ்கட் தொழில் நடத்தினார். ஒன்பது வயதில், கட்டுகஸ்தோட்டையில் உள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். தொடக்கத்தில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதளவில் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். 1990–91 பருவத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து, ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான விருதைப் பெற்றார். 1992 ஓகஸ்டில் கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அரங்கில் காலடி வைத்தார்.

சாதாரண ஓஃப் சுழல் பந்துவீச்சாளர் விரல்களால் பந்தைத் திருப்புவார். ஆள்காட்டி விரல் தையலின் மேல் உருண்டு பந்தைச் சுழற்றிவிடும். முரளியோ மணிக்கட்டால் சுழற்றினார். நெஞ்சு துடுப்பாட்ட வீரரை நேராகப் பார்க்க, தோள் பின்னோக்கி வழக்கத்துக்கு மாறான அகலத்தில் சுழல, தளர்வான மணிக்கட்டு பின்னுக்கு மடிந்து கடைசிக் கணத்தில் சவுக்காகச் சொடுக்கும். பந்து இலக்குக்கு வெகு தொலைவில் விழுந்து, வலதுகைக்காரரின் உடம்பை நோக்கித் திரும்பும். லெக் சுழலர்கள் மட்டுமே வைத்திருந்த திருப்பத்தை ஓஃப் சுழலுக்குக் கொண்டுவந்தவர் அவர். பிற்காலத்தில் அதே கையசைவில் எதிர்த்திசைக்குப் போகும் தூஸ்ராவையும் சேர்த்துக்கொண்டார். துடுப்பாட்ட வீரர் ஆடுதளத்தைப் பார்த்து ஆடுவதா, கையைப் பார்த்து ஆடுவதா என்று திணற வேண்டியிருந்தது. இது தலைமுறை தலைமுறையாக வந்த வித்தையன்று. விடுதிப் பிள்ளை ஒருவன் தன் உடலின் குறையை ஆராய்ந்து, அதையே கருவியாக்கிக்கொண்ட கண்டுபிடிப்பு.

இனி மெல்பேர்ணுக்கு வருவோம். 1995 டிசம்பர் 26, ஐம்பத்தைந்தாயிரம் பேர் கூடியிருந்த மைதானம். நடுவர் டெரல் ஹெயார் பந்துவீச்சு முனையில் நின்றபடியே, மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ போல்' என்று அறிவித்தார். வீசும்போது முழங்கை நீள்கிறதா, அதாவது பந்து எறியப்படுகிறதா என்பதைப் பக்கவாட்டில் நிற்கும் நடுவரே பொதுவாகக் கவனிப்பார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் எந்த மறுப்பும் சொல்லவில்லை. ஒரே கை, ஒரே நாள், ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமின்மை. பத்து நாட்கள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் மறுபடி 'நோ போல்' அறிவித்தபோது, முரளி லெக் சுழல் வீசினார். எறிவதற்கு மிகக் கடினமான பந்து அது. அதையும் எமர்சன் ஏற்கவில்லை. தன் குற்றமின்மையை நிரூபிக்க, அரங்கம் நிறைந்த பகைக்கு நடுவே, ஒருவர் தன் கலையை மாற்றிக் காட்டிய கணம் அது. திரையில் இதற்கு ஒரு வசனமும் வேண்டியதில்லை. கை, மணிக்கட்டு, நடுவரின் கண் என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

பின்பு நடந்ததும் ஆய்வுகூட நாடகமே. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங்கின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கையை ஆராய்ந்தன. கை எறிவதுபோல் தெரிவது கண்ணின் மயக்கம் என்பது முடிவு. 2004இல் தூஸ்ரா மீது போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் பிரோட் முறையிட்டார். மறுபடி பரிசோதனை. கை சுமார் 14 பாகை நீள்வது தெரிந்தது, பயிற்சிக்குப் பின் அது 10 பாகை அளவுக்குக் குறைந்தது. அன்று சுழற்பந்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 5 பாகை. ஆனால் அதே காலத்தில் சர்வதேச கிரிக்கெட் பேரவை மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, கையைச் சிறிதும் நீட்டாமல் வீசுபவர் மிக அரிது என்று தெரியவந்தது. 2005 மார்ச் முதல் எல்லாருக்கும் 15 பாகை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கண்டியில் பிறந்த ஒரு முழங்கை, பல நூறாண்டுப் பழைமையான ஆட்டத்தைத் தன் சட்டத்தையே திரும்ப அளந்து பார்க்கச் செய்தது. ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய கதை எங்கே கிடைக்கும்?

களத்தில் உருவான குடும்பம்

குடும்பம் வேண்டுமானால் அதுவும் களத்திலேயே இருந்தது. 1998 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, எல்லாரும் வியக்கும்படி இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். முரளி முதல் இன்னிங்ஸில் ஏறத்தாழ 60 ஓவர்கள் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். பிறகு இலங்கை 591 ஓட்டங்கள் குவிக்கும்வரை அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்தது. இரண்டாம் இன்னிங்ஸில் 65 ஓட்டங்களுக்கு 9. அவருக்குக் கிடைக்காத ஒன்று ஓட்டமிழப்பு. ஒரு தலைவன் தன் பந்துவீச்சாளன்மீது வைத்த அக்கறை, ஒரு நாணயச் சுழற்சி முடிவாக எப்படி வெளிப்படுகிறது என்பதை அந்த ஐந்து நாட்கள் காட்டுகின்றன.

மஹேல ஜயவர்தனவைப் பாருங்கள். 'பிடி ஜயவர்தன, பந்துவீச்சு முரளிதரன்' என்ற வரி டெஸ்ட் பதிவேட்டில் 77 முறை வருகிறது. பந்துவீச்சாளரும் விக்கெட் காப்பாளர் அல்லாத களத்தடுப்பாளரும் சேர்ந்து ஆட்டமிழக்கச் செய்த இணைகளில் அதுவே உலகின் முதலிடம். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்டுச் சென்ற 800ஆவது விக்கெட்டும் அவர் கையில்தான் விழுந்தது. கடைசிப் போட்டி இதுதான் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 8 விக்கெட் மிச்சமிருக்க முரளி களமிறங்கிய போட்டி அது. ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளரும் ஒரு சிங்களக் களத்தடுப்பாளரும் பல்லாண்டுகளாகப் பேசாமலே புரிந்துகொண்ட அந்தத் தூரமும் கோணமும், இனநல்லிணக்கம் பற்றிய எந்த வசனத்தையும்விட ஆழமாகப் பேசும். படம் அதை நம்பியிருக்கலாம்.

கண்டிக்கென்று உரிய நாட்களும் குறைவில்லை. 2004 மார்ச்சில் அஸ்கிரியவில் மைக்கேல் காஸ்ப்ரோவிச்சை வீழ்த்தி 500ஐத் தொட்டார். 2007 டிசம்பர் 3ஆம் திகதி அதே மைதானத்தில் போல் கொலிங்வூட்டின் இலக்கைத் தகர்த்து, ஷேன் வோர்னின் 708 என்ற சாதனையைத் தாண்டினார். அதுவே அஸ்கிரியவின் கடைசி டெஸ்ட். அந்த மைதானத்தில் மட்டும் அவர் எடுத்தவை 117 விக்கெட்டுகள். மலைச்சரிவுக்குள் அடங்கிய அந்தச் சிறிய திரித்துவக் கல்லூரி மைதானம் ஒரு தனிப் பாத்திரமாகவே கதையில் வந்திருக்க வேண்டும்.

துயரத்துக்கு அப்பால்

'வாழ்க்கை வரலாறு என்றால் குடும்பமும் நாடும் வராமல் எப்படி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டத்துக்கு வந்த பாட்டன், 1948இன் குடியுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்கள், 1977 ஓகஸ்ட் வன்செயல்கள் எல்லாம் சொல்லப்பட வேண்டியவை. திரையில் மலையகத் தமிழர் முகத்தையே காணக் கிடைக்காத நிலையில், '800' அவற்றைத் தொட்டதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் மலையகத்தைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் துயரத்தின் கதைகளாகவே சொல்லப்பட்டு வருகின்றன. லயம், அட்டை, பசி, நாடு கடத்தல், தீ. அவை மறுக்க முடியாத உண்மைகள். ஆனாலும் நம் மக்கள் பட்டதை மட்டுமே உலகுக்குக் காட்டி, அவர்கள் சிந்தித்ததையும் கண்டுபிடித்ததையும் காட்டாமல் விட்டால், இரக்கத்துக்குரியவர்கள் என்ற ஒரே சட்டகத்துக்குள் அவர்களை நாமே பூட்டிவைக்கிறோம். முரளி அந்தச் சட்டகத்தை உடைத்தவர். நூற்று முப்பத்து மூன்று டெஸ்ட் போட்டிகளில் உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர்களோடு மூளையாலும் மணிக்கட்டாலும் வாதாடியவர். அவரது அரசியல் கருத்துகளை ஏற்காதவர்களும் அந்த அறிவை மறுக்க முடியாது. அந்த அறிவைக் காட்டாத படம் அவரை மீண்டும் பாவப்பட்ட பிள்ளையாக்கி நம் கையில் தருகிறது.

ஆகவே அடுத்து இந்தக் கதையைத் தொட வருபவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பாடசாலைப் பயிற்றுநர்களையும், அவர் பந்தைப் பிடித்த விக்கெட் காப்பாளர்களையும், அவருக்கு எதிராக நின்று திணறியவர்களையும், அவர் கையை அளந்த விஞ்ஞானிகளையும் தேடிப் போங்கள். அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் நினைவு மங்கும் முன் பதிவாக வேண்டும். படமோ, அனிமேயோ, நூலோ எதுவாயினும், ஒரே ஒரு நாள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தையும் ஏன் அப்படி வீசினார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிப் போனால், பாட்டனின் தோட்டமும் தந்தையின் காயமும் கட்டுகஸ்தோட்டை விடுதியும் தாமாகவே வந்து சேரும். வீட்டிலிருந்து தொடங்கியவர்களால் மைதானத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. இனிமேலாவது பந்திலிருந்து தொடங்க வேண்டும்.